கல்லீரல் புற்றுநோய்: கட்டியை எடுத்த பிறகும் ஏன் ஸ்கேன்?

"ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சு, கட்டியையும் எடுத்தாச்சு. இனி எதுக்கு ஸ்கேன்?"

வீட்டில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தால், இந்தக் கேள்வி உங்கள் காதில் விழுந்திருக்கும்.

பதில் கொஞ்சம் கசப்பானது. அறுவைச் சிகிச்சை கட்டியைத்தான் அகற்றுகிறது. கட்டி உருவாகக் காரணமான நோய், மீதமுள்ள கல்லீரலில் அப்படியே இருக்கலாம்.

சிங்கப்பூரில் ஆண்களின் உயிரைப் பறிக்கும் புற்றுநோய்களில் கல்லீரல் புற்றுநோய் முன்வரிசையில் உள்ளது. அதற்கான அறுவைச் சிகிச்சை பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

எவ்வளவு வெட்டி எடுக்கலாம்?

பெரியவர்களின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரை கிலோகிராம் இருக்கும். மருத்துவர்கள் அதை 8 பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி ரத்த ஓட்டம் உண்டு. அதனால்தான் கட்டி இருக்கும் பகுதியை மட்டும் அகற்ற முடிகிறது.

கல்லீரல் மீண்டும் வளரக்கூடியது. ஆரோக்கியமான கல்லீரல் என்றால் 25 முதல் 30 விழுக்காடு மிஞ்சினாலே சமாளித்துக்கொள்ளும். வெட்டிய துண்டு மறுபடி முளைக்காது. மிச்சம் இருப்பது பெரிதாகும்.

தழும்பேறி இறுகிப்போன கல்லீரல், அதாவது சிரோசிஸ் என்றால் கதையே வேறு. சுமார் 40 விழுக்காடாவது மிஞ்ச வேண்டும். அவ்வளவு மிஞ்சாது என்று தெரிந்தால், கட்டி உள்ள பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாயை முதலில் அடைத்துவிடுவார்கள். சில வாரங்களில் மறுபக்கம் வளர்ந்த பிறகு அறுவைச் சிகிச்சை நடக்கும்.

எல்லாருக்கும் செய்ய முடியுமா?

முடியாது. ஆரம்பத்தில் வலியோ வேறு அறிகுறியோ பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் பலருக்கு நோய் முற்றிய பிறகுதான் தெரியவருகிறது.

கட்டிகள் எத்தனை, எங்கே இருக்கின்றன, மிஞ்சும் கல்லீரல் தாக்குப்பிடிக்குமா என்பதை வைத்தே மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள்.

கல்லீரலே மோசமாகியிருந்தால் மாற்றுச் சிகிச்சை ஒரு வழி. 5 சென்டிமீட்டருக்கு மிகாத ஒரே கட்டி, அல்லது தலா 3 சென்டிமீட்டருக்கு மிகாத மூன்று கட்டிகள் வரை இருந்தால் அது நல்ல பலன் தரும் என்று 1996இல் இத்தாலிய மருத்துவர்கள் காட்டினர். 'மிலான் விதிமுறை' எனப்படும் அது இன்றும் பயன்படுகிறது. ஆனால் தானமாகக் கிடைக்கும் உறுப்புகள் குறைவு.

பிழைக்கும் வாய்ப்பு எப்படி?

ஆரம்பக் கட்டத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர்களில் பொதுவாக 50 முதல் 70 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள்.

அதே ஐந்து ஆண்டுகளில் 70 விழுக்காடு வரையிலானோருக்குப் புற்றுநோய் திரும்பி வருகிறது.

ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்? திரும்பி வரும் கட்டியைச் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், மீண்டும் வெட்டி எடுக்கலாம். ஊசி செலுத்தி வெப்பத்தால் பொசுக்கலாம். சிலருக்கு மாற்றுச் சிகிச்சையும் செய்யலாம். அந்த வாய்ப்பைத் தருவது ஸ்கேன்தான்.

ஏன் திரும்பி வருகிறது?

முதல் ஈராண்டில் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே பரவியிருந்த, கண்ணுக்குத் தெரியாத அணுக்களால். அதற்குப் பின் வருவது, பாதிக்கப்பட்ட கல்லீரலில் புதிதாக உருவாகும் கட்டியாக இருக்கலாம்.

தடுக்க மருந்து இல்லையா? அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோயெதிர்ப்பு மருந்து கொடுத்த பெரிய ஆய்வு ஒன்று 2023இல் நம்பிக்கை தந்தது. 2024இல் வந்த கூடுதல் விவரங்களில் அந்தப் பலன் நிலைக்கவில்லை.

ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு, கிருமியை அடக்கும் மாத்திரைகள் நோய் திரும்பும் அபாயத்தைக் குறைக்கின்றன. அவற்றை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. மதுவைக் கைவிடுவதும், நீரிழிவையும் உடல் எடையையும் கட்டுப்படுத்துவதும் முக்கியம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சிங்கப்பூரில் 1987 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. நீங்கள் இங்கே அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் உங்களுக்குப் போட்டிருப்பார்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு? கேட்டுப் பாருங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கிருமி இருப்பது உறுதியானால், எப்போதிலிருந்து கண்காணிக்க வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார். அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுப்பது வழக்கம்.

ஏற்கெனவே அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தால், முதல் ஈராண்டில் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வரும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று அதைத் தள்ளிப்போட விடாதீர்கள். அடுத்த தேதியை உங்கள் கைப்பேசியிலும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கூடப் போங்கள்.