ஏழு விசை, மூன்று வயர், ஒரு யாழ்ப்பாணத்தார்



"சேர், தமிழுக்கு 247 எழுத்து. கொம்பியூட்டருக்கு இங்கிலீஷ்தான் லேசு" என்று பிள்ளைகள் அடிக்கடி சொல்கிறார்கள். பதில் வரலாற்றில் இருக்கிறது.

பிரான்ஸின் எமில் போடோ ஐந்தே விசையால் தந்தி அனுப்பும் முறையை உருவாக்கினார். அழுத்தினால் 1, விட்டால் 0. இப்படி 32 சேர்க்கைகள். எந்த எழுத்துக்கு எந்தச் சேர்க்கை என்பதை ஊழியர்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். அந்த மனப்பாடத்தை ஒரு சுற்றிடம் ஒப்படைத்தால், அதுதான் என்கோடர்.

ஏழு விசைகளை எடுங்கள். 4, 2, 1 என்று மூன்று வயர். ஐந்தாம் விசையிலிருந்து 4க்கும் 1க்கும் ஒவ்வொரு டயோட். ஏழாம் விசையிலிருந்து மூன்றுக்கும். மொத்தம் 12 டயோட் போதும். டயோட் இல்லாமல் வெறும் வயரால் இணைத்தால்? ஐந்தை அழுத்தும்போது மின்சாரம் ஏழாம் விசையின் இணைப்பு வழியே திரும்பி 2க்கும் ஓடிவிடும். எதை அழுத்தினாலும் ஏழுதான் வரும். டயோட் ஒருவழிப் பாதை, திரும்பிப் போக விடாது.

இன்னொரு சிக்கல்: 1ஐயும் 2ஐயும் சேர்த்து அழுத்தினால் 3 என்று காட்டும். 74148 போன்ற சிப், அழுத்தியவற்றில் பெரிய எண்ணை மட்டும் எடுத்து இதைத் தீர்த்தது.

இனி நம்ம கதை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயா போன இரா. முத்தையா, தமிழ் டைப்ரைட்டரை வடிவமைத்தார். அது ஜேர்மனியில் தயாரானது. 247 எழுத்துக்கு 247 விசை வைக்க முடியுமா? அவர் 'நகரா விசை' வைத்தார். அதை அடித்தால் தாள் நகராது. முதலில் விசிறி, பிறகு 'க'. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து 'கி' ஆகும்.

1991இல் வந்த யுனிகோடும் இதே வழிதான்: 'க' ஒரு எண், விசிறி ஒரு எண், சேர்ந்தால் 'கி'. வரிசைதான் மாறியது, இங்கே 'க' முதலில். கொஞ்சத்தைக் கொண்டு நிறைய ஆக்குவதே என்கோடரின் வேலை. நம்ம எழுத்து ஆதியிலிருந்தே அப்படித்தான். ஆகவே தமிழ் கொம்பியூட்டருக்குக் கஷ்டமான மொழி இல்லை.

பெற்றோரே, முதலாம் குறுக்குத் தெருவில் 12 டயோட், ஏழு சுவிட்ச், மூன்று எல்ஈடி, மூன்று ரெசிஸ்டர், ஒரு 9 வோல்ட் பெட்டரி வாங்கிக் கொடுங்கள். பிள்ளை செய்து பார்க்கட்டும். அடுத்த மெசேஜைத் தமிழ் எழுத்திலேயே அடிக்கட்டும்.