உழவு இயந்திரம், பழைய வகைகளின் அமைப்பு

திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையில் உள்ள திரியாய், கிரிகண்டு சைத்தியத்தின் தொன்மையால் வரலாற்றாளர் அறிந்த ஊர். ஊராருக்கு அது முதலில் வயலும் குளமும். கச்சான் வீசும் மாதங்களில் வயல் மண் கல்லாக இறுகிவிடும். பெரும்போக மழை விழுந்ததும் சேறாகிவிடும். இலங்கையின் வறண்ட வலயம் எங்கும் நிலைமை இதுதான். இத்தகைய மண்ணை உழ, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு பரவத் தொடங்கிய பிரித்தானிய உழவு இயந்திரங்களில் காரணம் புரியாத உறுப்புகள் பல உண்டு. ஒவ்வொன்றும் ஓர் ஆபத்துக்கோ இடைஞ்சலுக்கோ விடையாகப் பிறந்தது.

அவற்றுள் தலையாயது பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று கைகள். 1917 இல் வந்த ஃபோர்ட்சன், கலப்பையைச் சும்மா இழுத்துச் சென்றது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் முன்பக்கம் எழும்பி, இயந்திரம் ஓட்டுநர் மேலேயே கவிழும், உயிரிழந்தோர் பலர். அயர்லாந்தின் ஹரி ஃபெர்குசன் கலப்பையையும் இயந்திரத்தையும் ஒரே உடலாக்க முயன்று, 1926 இல் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கீழே இரு கைகள் இழுக்கும். மேலே உள்ள ஒற்றைக் கை, கலப்பை திணறும்போது முன்னோக்கித் தள்ளி முன்சில்லுகளை நிலத்தில் அழுத்தும். அதே தள்ளல் ஒரு சுருள்வில்லை நெருக்கி எண்ணெய் வால்வைத் திறக்க, கலப்பை சற்றே உயர்ந்து அதன் பாரம் பின்சில்லுகளில் இறங்கும். கனத்தால் அல்லாமல் சூட்சுமத்தால் பிடிப்பைப் பெற்ற இந்த அமைப்பே, என் மதிப்பில், உழவு இயந்திர வரலாற்றின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு. 1946 முதல் 1956 வரை கொவென்றியில் 5 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட ஃபெர்குசனின் சாம்பல் நிற டிஇ 20 உழவு இயந்திரம், இதை உலகெங்கும் கொண்டுசென்றது. அதன் கியர்த் தண்டை ஒரு தனி இடத்துக்குக் கொண்டுபோனால்தான் இன்ஜின் உயிர்பெறும். கியரில் கிடக்கும் வண்டி திடீரெனப் பாய்ந்து எவரையும் நசுக்காதிருக்கவே இந்த ஏற்பாடு.

அடுத்து வந்த மாஸி ஃபெர்குசன் 35, 1964 இல் வெளியான 135 ஆகியவையே இலங்கையில் நெடுங்காலம் பெயர்பெற்றவை. இவற்றில் வலக்காலின் கீழ் இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. தெருவில் ஓடும்போது கொளுவி ஒன்றால் இரண்டையும் இணைப்பர். வயலில் பிரித்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் வண்டி அந்தச் சில்லைச் சுற்றியே திரும்பும். வரப்போரத்துக்காக வந்த இந்த வசதி, சூடு மிதிக்கும் களத்திலும் கைகொடுத்தது. மாடுகளுக்குப் பதிலாக உழவு இயந்திரத்தை நெற்கதிர் மேல் வட்டமாக ஓட்டி மணியைப் பிரித்தது, வண்டியைச் செய்த ஆலைகள் எண்ணியிராத பயன். கிளட்ச் மிதியும் இரண்டு கட்டமாக இறங்கும்: பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் பின்தண்டு சுழன்றுகொண்டே இருக்கும், முழுதும் மிதித்தால் அதுவும் ஓயும்.

இருக்கையின் ஓட்டைகள் மழைநீர் வடிவதற்கு. காற்று வடிகட்டியின் அடியில் உள்ள எண்ணெய்க் கிண்ணம் புழுதி உழவின் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பின் டயருக்குள் தண்ணீர் நிரப்புவது பாரத்துக்காக; சேற்று உழவில் கம்பிக்கூடு போன்ற இரும்புச் சில்லு பூட்டினால், அது புதைவதைக் குறைத்து மண்ணையும் கலக்கும்.

நான்கு சில்லு இயந்திரம் திரும்ப இடமற்ற சிறு வயல்களுக்கு இரண்டு சில்லு வகை ஏற்றது. முதலில் வந்த பிரித்தானிய வண்டியின் பெயரால் அதை இன்றும் பலர் லேண்ட்மாஸ்டர் என்றே அழைக்கின்றனர். இவ்வகையில் பலவற்றுக்கு இரு கைபிடிகளிலும் ஒவ்வொரு நெம்பு உண்டு. இடப்பக்கத்தை அழுத்தினால் இடச் சில்லு விடுபட்டு வண்டி இடப்பக்கம் திரும்பும். ஆனால் இழுவைப் பெட்டி பூட்டிக் குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பாரம் பின்னிருந்து தள்ளும். விடுபட்ட சில்லு இன்ஜினின் பிடியின்றி வேகமாக உருளும். வண்டி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். புதிதாகக் கைபிடி பிடிப்பவருக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டிய செய்தி இது. இறக்கத்தில் நெம்பைத் தொடாமல், சிறிய கியரில், கைபிடியைத் தள்ளியே திருப்புவர்.