நெடுங்கால் வாத்து

வாத்துன்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது ஒரே உருவம்தான். தட்டை அலகு, குட்டைக் கால், ஆடி ஆடி ஒரு நடை. ஆனா இந்த மூணும் வாத்துக் குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தவை அல்ல. இதை ஆய்வாளர்கள் புரிந்துகொள்வதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த அரை நூற்றாண்டின் கதையைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

கதை அமெரிக்காவின் ஊட்டா மாநிலத்தில் தொடங்குகிறது. அலெக்சாண்டர் வெட்மோர் என்ற பறவையியலாளர் அங்கே முதலில் போனது ஃபாசில் தேடி அல்ல. 1910-களில் கிரேட் சால்ட் ஏரியைச் சுற்றி வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்துகொண்டிருந்தன. காரணம் என்னவென்று பார்க்க அமெரிக்க அரசு அவரை அனுப்பியது. 1914-லிருந்து சில கோடைக்காலங்கள் அந்தச் சேற்றிலேயே நின்று, செத்த வாத்துகளை அறுத்துப் பார்த்தார். ஏரி நீரின் உப்பும் காரமும்தான் கொல்கிறது என்று 1918-ல் அறிக்கை எழுதினார். உண்மையான காரணம் பொட்டுலிசம், அதாவது பாக்டீரியா உண்டாக்கும் ஒரு நஞ்சு. அது சுமார் 1930-ல்தான் தெரியவந்தது.

இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, வாத்தின் உள்ளும் புறமும் தெரிந்த மனுஷன் அவர். அதே வெட்மோர்தான் 1926-ல், அதே ஊட்டாவின் கிழக்குப் பகுதியில் கிரீன் ரிவர் பாறைகளில் கிடைத்த பறவை எலும்புகளை ஆராய்ந்து ‘பிரெஸ்பியார்னிஸ் பெர்வீடஸ்’ என்று பெயர் வைத்தார். ‘மிகப் பழைய பறவை’ என்று பொருள் கொள்ளலாம். சுமார் 5 கோடி ஆண்டுக்கு முந்தையது. கால் எலும்பு நீளமாக, மெலிசாக இருந்தது. அதனால் கரையோரம் நடந்து இரை தேடும் உள்ளான் வகைப் பறவைகளுக்கு உறவு என்று முடிவு செய்தார். தலை கிடைக்கவில்லை. இருந்த எலும்பை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயமான முடிவுதான். நீளக் காலைப் பார்த்துவிட்டு ‘இது வாத்து’ என்று யார் சொல்வார்?

அடுத்த சுற்று 1970-களில், பக்கத்து மாநிலமான வயோமிங்கில். இந்த முறை ஒன்றிரண்டு எலும்பு அல்ல, ஆயிரக்கணக்கில். முட்டை ஓடுகளும் சேர்ந்து கிடைத்தன. பெரிய ஆழமற்ற ஏரியின் ஓரத்தில் இவை கூட்டமாக வாழ்ந்து, கூட்டமாகவே மடிந்திருக்கின்றன. 1974-ல் ஆலன் ஃபெடூசியாவும் பால் மெக்ரூவும் இந்தப் பறவையைப் பூநாரை மாதிரி ஒரு நீர்நடைப் பறவை என்று விவரித்தார்கள். நீளக் கால், உப்பேரி, பெருங்கூட்டம் எல்லாம் பூநாரைக்குப் பொருந்தியது. பொருந்தாதது மண்டையோடு. அது கிடைத்து, நின்று நிதானமாகப் பார்த்தபோது, அச்சு அசல் வாத்துத் தலை. தட்டையாக அகன்ற அலகு, நீரை உறிஞ்சி வடிகட்டித் தின்பதற்கான தாடை அமைப்பு, எல்லாமே வாத்து. கழுத்துக்குக் கீழே ஒரு பறவை, மேலே வேறொரு பறவை.

இவை ஏன் மொத்தமாகச் செத்தன என்ற கேள்விக்கு முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று பொட்டுலிசம். வெட்மோர் ஏரிக்கரையில் தேடி அலைந்த அதே கொலையாளி! இதற்கு நேரடிச் சான்று கிடையாது, ஊகம்தான். ஆனாலும் படித்தபோது ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

1980-ல் ஸ்டோர்ஸ் ஆல்சனும் ஃபெடூசியாவும் சேர்ந்து, பிரெஸ்பியார்னிஸை மையமாக வைத்து வாத்துகளின் தோற்றம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். உள்ளான் உடலும் வாத்துத் தலையும் ஒரே பறவையில் இருப்பதால், உள்ளான் வகையிலிருந்துதான் வாத்துகள் வந்தன என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது, இல்லையா? இடைப்பட்ட உருவம் கையில் இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் வாதம் நிற்கவில்லை. சார்லஸ் சிப்லியும் ஜான் ஆல்க்விஸ்டும் டி.என்.ஏ. இழைகளை ஒட்டவைத்துப் பிரித்துப் பறவை உறவுகளை அளந்து, 1990-ல் வெளியிட்ட பெரும் நூலில் வாத்தின் நெருங்கிய உறவு கோழிதான் என்றார்கள். எலும்பை வைத்தே இதைச் சொன்னவர்கள் அதற்கு முன்பும் உண்டு. சிப்லி-ஆல்க்விஸ்ட் முறையின் மேல் பல குறைகள் சொல்லப்பட்டன, அவர்களுடைய மற்ற முடிவுகள் பல அடிபட்டும் போயின. இந்த ஒன்று மட்டும் அசையவில்லை. பின்னால் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தவர்களும் இதையே சொன்னார்கள். உள்ளான் எங்கேயோ தூரத்துக் கிளை. அப்படியானால் அந்த நீளக் கால்? ஆழமற்ற நீரில் நடக்கிற வாழ்க்கைக்கு ஏற்றபடி தனியாக அமைந்தது, அவ்வளவுதான். ஒரே வேலை செய்கிறவர்களுக்கு ஒரே மாதிரிக் கால் இருப்பதால் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

(நம்ம ஊர்ல வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பாங்க. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்த ஒரு வாரத்தைக் கோழி பொறுத்துக்கொள்வதும் குடும்பப் பாசம்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. இரண்டு கிளையும் பிரிந்து 6 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.)

பிரிந்தது எப்போது என்பதுதான் அடுத்த பெரிய சண்டை. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன் விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்தன. இன்றைய பறவைக் குடும்பங்கள் அதற்குப் பிறகுதான் முளைத்தனவா, அல்லது முன்பே சில இருந்து தப்பித்தனவா? டைனோசர் காலத்துப் பாறையில் ஒரே ஒரு நிஜமான வாத்து உறவு கிடைத்தால் போதும், ‘எல்லாம் பிறகுதான்’ என்ற கட்சி தோற்றுவிடும்.

அந்த ஒன்று அண்டார்டிகாவில் கிடைத்தது. 1992-ல் அர்ஜென்டினா ஆய்வுக் குழு வேகா தீவில் எடுத்த ஒரு கல்லுருண்டைக்குள் இருந்த எலும்புகளை, 2005-ல் ஜூலியா கிளார்க் தலைமையிலான குழு ‘வேகாவிஸ் இயாயி’ என்று பெயரிட்டு வெளியிட்டது. பெயரின் பின்பாதி, அர்ஜென்டினா அண்டார்டிக் நிறுவனத்தின் முதலெழுத்துகள். வாத்துக் கிளையைச் சேர்ந்தது, விண்கல்லுக்கு முந்தையது என்றார்கள். 2016-ல் இன்னொரு வேகாவிஸில் குரல் உறுப்பையே கண்டெடுத்தார்கள். பறவைக்குக் குரல் நம்மைப் போலத் தொண்டையின் மேலே பிறப்பதில்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள் பிறக்கிறது. அந்தச் சின்ன வளையங்கள் கல்லாகி, சி.டி. ஸ்கேனில் தெரிந்தன. அமைப்பை வைத்துப் பார்த்தால் வாத்து மாதிரிக் கரகரத்திருக்க வேண்டும்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெர்மனியின் ஜெரால்ட் மயர் போன்றவர்கள் 2018-ல், இது வாத்துக் கிளைதான் என்று சொல்ல ஆதாரம் போதாது என்றார்கள். மறுபடியும் அதே சிக்கல்: தலை இல்லை. 2011-ல் அதே தீவில் சேகரித்த ஒரு மண்டையோடு, 2025 பிப்ரவரியில் கிறிஸ்டோபர் டாரஸ் முதலானோரால் வெளியிடப்பட்டது. வயது சுமார் 6 கோடியே 90 லட்சம் ஆண்டு. மூளைக்கூடும் அண்ணத்து எலும்புகளும் வாத்துக் கிளையைக் காட்டுகின்றன. அலகோ நீண்டு கூர்மையாக இருக்கிறது. நீருக்குள் மூழ்கி மீனைக் கவ்வுவதற்கான தாடைத் தசைகள். ஊட்டா பறவையில் தலை வாத்து, கால் வேறு. இங்கே மூளை வாத்து, அலகு வேறு!

என் கணிப்பில் வேகாவிஸ் வாத்துக் கிளைதான். அலகைவிட அண்ணமும் மூளைக்கூடும் நம்பத்தக்க சாட்சிகள். இரை மாறினால் அலகு சீக்கிரம் மாறிவிடும். இன்றும் தென் அமெரிக்காவில் ஸ்க்ரீமர் என்று ஒரு பறவை இருக்கிறது. கோழி மாதிரி அலகு, விரலிடைத் தோல் இல்லையென்றே சொல்லலாம். பார்த்தால் யாரும் வாத்தென்று சொல்லமாட்டார்கள். ஆனால் வாத்துக் கிளையிலிருந்து முதலில் பிரிந்து போன உறவு அது.

வேகாவுக்குப் பக்கத்திலேயே மராம்பியோ தீவு இருக்கிறது. அங்கே விண்கல்லுக்குக் கொஞ்சம் பிந்தைய பாறையில் கிடைத்த இன்னொரு பழைய வாத்து உறவை 2019-ல் விவரித்தார்கள். இதற்கும் நீளக் கால். ஒன்றோடொன்று ஒத்துவராத அடையாளங்கள் ஒரே எலும்புக்கூட்டில் இருந்ததால், கண்டவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கான்ஃப்ளிக்டோ’.