தாழ் அதிர்வெண் அலையியற்றி

தாழ் அதிர்வெண் அலையியற்றி (எல்.எஃப்.ஓ.) என்பது சிந்தசைசர் எனும் மின்னணு இசைக்கருவியில் அமையும் ஒரு துணைச் சுற்றாகும். ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வுகளை மனிதச் செவி சுரமாக உணர்வதில்லை. அத்தகைய மெதுவான அலையை உண்டாக்கி, கேட்கும் ஒலியை அசைப்பதே இதன் பணி. சுருதியை அசைத்தால் சுர நடுக்கமும், ஒலியளவை அசைத்தால் ஏற்ற இறக்கமும் உண்டாகும்.

வரலாறு

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964இல் உருவாக்கிய சிந்தசைசரில், ஒரு அலையியற்றியின் மின்னழுத்தம் மற்றொன்றைக் கட்டுப்படுத்தியது. 1970இல் வந்த மினிமூக்கில் தனி எல்.எஃப்.ஓ. இல்லை, மூன்றாம் அலையியற்றியே மெதுவாக ஓடி அப்பணியைச் செய்தது. அப்போது இசைக்க இரண்டே எஞ்சின. வீட்டில் கருவி அமைப்போர் தனிச் சுற்றைச் சேர்ப்பதன் பயன் இதனால் விளங்கும்.

இந்தியாவில்

1969இல் இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கு இசையமைத்தனர். 1972க்குப் பின் மறக்கப்பட்ட அவர்களின் ஒலிநாடாக்களைப் பால் பர்கஸ் காப்பகத்தில் கண்டெடுத்தார். 2023இல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

அமைப்பு

எளிய எல்.எஃப்.ஓ.வுக்கு இரண்டு செயல்பாட்டுப் பெருக்கிகளும் ஒரு மின்தேக்கியும் சில மின்தடைகளும் போதும். மின்தேக்கியின் மின்னழுத்தம் எல்லையைத் தொட்டதும் ஒப்பீட்டுச் சுற்று திசையை மாற்றுகிறது. முக்கோண அலையும் சதுர அலையும் கிடைக்கின்றன. மின்தேக்குதிறனை 10 மடங்காக்கினால் வேகம் பத்தில் ஒன்றாகக் குறையும்.

இந்த அசைவு ஒரே சீரானது. கர்நாடக இசையின் கமகமோ ராகத்துக்கும் சுரத்துக்கும் ஏற்ப மாறுவது. எனவே இச்சுற்று கமகத்துக்கு ஈடாகாது.