அனகி போன தூரம்

தொண்டைமானாற்றில் காஸ் அடுப்பு உள்ள வீடுகளிலும் பின்பத்தியில் ஒரு அனகி அடுப்பைக் காணலாம். செங்கல் நிறம், மேலே இரண்டு வாய், முன்னால் விறகு செருக ஒரு துவாரம். இடுப்பில் அணைத்து ஒருவரே தூக்கிப் போகலாம். எங்கள் வீட்டில் இருப்பது நெல்லியடியில் வாங்கியது. ஆனால் மண் வடமராட்சி மண் அல்ல. குருநாகல் பக்கத்துக் குயவர் வனைந்து சூளையில் சுட்டு, லொறியில் ஏ-9 பாதையால் வந்தது. அதன் பூர்வீகத்தைத் தேடினால் குருநாகலோடும் நிற்காது.

1976 பெப்ரவரியில் குவாத்தமாலாவை ஒரு பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. அதற்குப் பிறகு அங்கே வேலை செய்தவர்கள், களியும் மணலும் குழைத்துக் கட்டும் ஒரு பெரிய அடுப்பைப் பரப்பினார்கள். லொரேனா என்று பேர். திறந்த நெருப்பில் சமைத்துக் கண் எரிந்த பெண்களுக்கும், விறகுக்காகக் குறைந்துகொண்டு போன காட்டுக்கும் அது மருந்தாகும் என்பது நம்பிக்கை. எண்ணெய் விலை ஏறிய காலம். விறகைப் பற்றி உலகம் முழுக்கக் கவலைப்பட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் அந்த எண்ணம் இலங்கைக்கு வந்தது. சர்வோதய இயக்கமும், பொருளியலாளர் ஷூமாக்கர் 1966இல் இங்கிலாந்தில் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவும் அதைக் கையிலெடுத்தன.

மண்ணால் கட்டுகிற அடுப்பில் ஒரு சங்கடம் உண்டு. கட்டுகிறவர் கைக்கு ஏற்றபடி வீட்டுக்கு வீடு மாறும். வாய் அரை அங்குலம் பெருத்தாலே நெருப்பு சட்டியைத் தொடாமல் வெளியே போய்விடும். ஆகவே உள்ளுறுப்பைக் குயவரிடம் அளவாகச் செய்வித்துச் சுட்டு எடுத்து, வெளியே மண் பூசினார்கள். அது சர்வோதய அடுப்பு. எண்பதுகளில் இலங்கை மின்சார சபையும் சேர்ந்துகொள்ள, எல்லாம் ஒரே துண்டாக, கடையில் காசு கொடுத்து வாங்கிப் போகக்கூடியதாக வந்ததுதான் அனகி. உலகம் முழுக்க மானியத்தில் கொடுத்த எத்தனையோ 'நல்ல அடுப்புகள்' கோழி அடைகாக்கும் இடமாகிப் போயின. குயவருக்கும் கடைக்காரருக்கும் நாலு காசு மிஞ்சியபடியால் அனகி தப்பியது என்பது என் கணிப்பு.

அதன் சூட்சுமம் இரண்டாவது வாயில் இருக்கிறது. விறகு எரிவது முதல் வாய்க்குக் கீழே. அங்கே தப்பும் சுவாலை ஒரு குடைவு வழியாகப் பின்வாய்க்குப் போகிறது. முன்னால் சோறு கொதிக்கும்போது பின்னால் சொதி வைக்கலாம். தேங்காய்ப்பால் விட்டபின் சொதி தளதளவென்று கொதிக்கக்கூடாது, திரைந்துவிடும். பின்வாயின் அடங்கிய சூடு அதற்கென்றே அளந்து வைத்ததுபோல இருக்கும். மூன்று கல் அடுப்போடு பார்த்தால் விறகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும் என்பார்கள்.

இங்கே அதற்குத் தீனிக்குக் குறைவில்லை. காவோலை பிடித்துக்கொள்ள, பன்னாடை கைகொடுக்க, பனைமட்டை நின்று எரியும். பூரான் எடுத்த ஊமலைக் காயவைத்துப் போட்டால் தணல் நெடுநேரம் நிற்கும். பொச்சுமட்டை நனைந்திருந்தால் குசினியில் இருக்க ஏலாது. இவையெல்லாம் எங்கள் ஆச்சிமாருக்கு அனகி வருவதற்கு முன்பே தெரிந்த பாடங்கள். 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்து, மண்ணெண்ணெய் மருந்துபோல் அருமையாகி, ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்த வருடங்களில் பனைதான் சோறு காய்ச்சியது. 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் சிலிண்டர்கள் வெடித்தன. அடுத்த வருடம் காஸே இல்லை. கொழும்புத் தொடர்மாடிகளில் இருந்தவர்களும் விறகு தேடினார்கள். எங்களுக்கு அது பழகிய பாடு.

இனி அடுப்பு வானில் ஏறிய கதை. தொண்டைமானாற்றங்கரைச் சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்பார்கள். சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கரையோரமாக இறங்கி, யாலக் காட்டுக்குள்ளால் நடப்பார்கள். அவர்கள் அடுப்புச் சுமப்பதில்லை. போகிற இடத்தில் மூன்று கல் கிடைக்கும். அவ்வளவு நடக்க ஏலாதவர்கள் ஹயேஸ் வான் பிடிப்பார்கள். அரிசி, தேங்காய், கிடாரம், பாய், தலையணை, ஆச்சி, பேரப்பிள்ளை எல்லாம் ஏறியபின் வான் ஒரு வீடுதான். கடைசியாக அனகி ஏறும். வெறுமனே வைத்தால் முதல் குழியிலேயே வெடித்துவிடும். பழைய எண்ணெய்த் தகரத்தை வெட்டி, அடியில் மணல் போட்டு, சாக்குச் சுற்றி இறுக்குவார்கள். ஏற்கெனவே கஞ்சி பொங்கிச் சூட்டில் கீறல் விழுந்த அடுப்பென்றால் கழுத்தில் ஒரு கம்பிக் கட்டும் இருக்கும்.

முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி, வவுனியா தாண்டி ஒரு குளத்தடி மருதமர நிழலில் முதல் சமையல். இதுவரை ஒரு கரைச்சலும் இல்லை. கரைச்சல், கதிர்காமம் போகிற வழியில் தங்கும் நுவரெலியாவில். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம்; ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி விழும் ஊர். யாழ்ப்பாணத்து உடம்புக்கு அது வேறு உலகம். அறை வாடகையை மிச்சம் பிடிக்க வானுக்குள்ளேயே படுப்பவர்கள் உண்டு. அப்படி ஒரு இரவில் எங்கள் வானில் நடந்த பேச்சு:

"தம்பி, சமைச்ச தணல் கிடக்குதெல்லோ, அடுப்பை உள்ளுக்கை வைப்பமே? பிள்ளையள் நடுங்குதுகள்."

"அம்மா, அடுப்பு உள்ளுக்கை வந்தால் நான் வெளியிலை படுப்பன். எல்லாரையும் விடிய ஆர் எழுப்புறது?"

சாரதி சொன்னது வெருட்டு அல்ல. புகைதானே ஆபத்து, தணலில் புகை இல்லையே என்று நினைப்பதுதான் பெரிய பிழை. காற்றுப் போதாமல் கனலும் தணல் காபனோரொட்சைட்டைக் கக்கும். நிறமில்லை, மணமில்லை, இருமலும் வராது. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலையிடி, பிறகு சத்தி, பிறகு நித்திரை. மலைவளைவுகளில் ஏறிவந்த களைப்பென்று நினைத்துப் படுத்துவிடுவோம். ஐரோப்பாவில் கூடாரத்துக்குள் கரியடுப்பை எடுத்துப் படுத்துச் செத்தவர்கள் பலர்.

அப்படியென்றால் வண்டிக்குள் விறகடுப்பே கூடாதா? கூடும், ஆனால் அது வேறு சாதி அடுப்பு. ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே நகர்ந்த ரோமானி மக்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரை வண்டியையே வீடாக்கினார்கள். உள்ளே சிறிய வார்ப்பிரும்பு அடுப்பு, கூரைக்கு மேலே புகைக்குழாய். அங்கேயும் எங்களைப்போல வாகனம் இடப்பக்கத்தால்தான் ஓடும். தெருவோர மரக்கிளைகளில் குழாய் முட்டாமலிருக்க அடுப்பை வலப்பக்கம் வைத்தார்கள். இன்று மோட்டார் வீட்டில் விறகடுப்புப் பூட்டுகிற ஐரோப்பியர் செய்வதும் அதன் தொடர்ச்சிதான்: இறுக மூடும் கதவுள்ள இரும்புப் பெட்டி, கூரையைத் துளைத்து வெளியேறும் குழாய், பலகைச் சுவர் பற்றாமல் ஒரு தகடு, வெளிக்காற்று வர அடைக்கமுடியாத ஒரு துவாரம், அதற்கும் மேலே காபனோரொட்சைட்டு அலாரம். விறகும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் தார் படிந்து ஒருநாள் தானே பற்றும்.

அனகிக்குக் குழாய் இல்லை, கதவும் இல்லை. குவாத்தமாலாவில் புறப்பட்ட எண்ணம் கடையில் விற்கக்கூடிய மலிவான அடுப்பாவதற்கு உதிர்த்த பாரங்களில் புகைக்குழாயும் ஒன்று. அதனால்தான் அது சின்னதாயிற்று, வானில் ஏறிற்று. அதே காரணத்தால் அது வானுக்குள் எரிய முடியாது. சமையலுக்குச் செய்ததைக் குளிர்காயக் கேட்பது எங்கள் பிழை.

மலைக்கு வான் பிடிக்கிறவர்கள் ஆளுக்கொரு கம்பளி கூடுதலாகக் கட்டுங்கள். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பிள்ளைகளின் காலடியில் வையுங்கள். அனகியை வெளியே காற்றாடச் சமைத்து, தணலை மண் போட்டு அணைத்து, அடுப்பு முழுக்க ஆறியபின் மட்டும் உள்ளே ஏற்றுங்கள். படுக்கும்போது இரண்டு கண்ணாடியை விரலளவு இறக்கிவிட மறக்கவேண்டாம்.