தோலறுக்கும் இரும்பு

வன்னியில் செருப்புத் தைப்பவனின் வரலாற்றைத் தோலை மட்டும் வைத்து எழுதினால் பாதிதான் வரும். மாடும் எருமையும் நிறைந்த இடம், பதனிட ஆவாரம் பட்டையும் இருந்தது. தட்டுப்பாடு இரும்புக்குத்தான். எந்தக் காலத்தில் எதை வெட்டி எடுத்துக் கத்தியாக்கினோம் என்று பார்த்தால் எங்கள் தொழிலின் கதை முழுதும் வந்துவிடும்.

அப்பா 1977 கலவரத்தின் பின் மலையகத்தில் இருந்து கிளிநொச்சிக்கு வந்தவர். யாழ்ப்பாணத்து நெருக்கடியைக் குறைக்க 1936இல் தொடங்கிய குடியேற்ற ஊர் அது. அங்கே தோட்டத்துச் சனமும் மூட்டை முடிச்சோடு வந்து காடு வெட்டிக் குடியிருந்தது. அப்பாவின் மூட்டையில் ஒரு தேய்ந்த கவ்வாத்துக் கத்தி. தேயிலையின் முற்றிய கிளையை ஒரே இழுப்பில் அறுக்கும் இரும்பு. அதன் வளைந்த மூக்கை வெட்டிவிட்டு, மிச்சத்தை அகலவாய்க் கத்தியாகத் தேய்த்து, முதிரைக் கட்டையில் பிடி போட்டு வைத்திருந்தார்.

செருப்புக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு. மறுபக்கம் தட்டையாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் தோலில் படுத்தபடி வழுக்கிப் போகும், சரிவு மேலே நின்று சீவும். தட்டைப் பக்கத்தைக் கல்லில் சாய்த்துத் தீட்டினவன் கையில் கத்தி தோலை விட்டு எழும்பும், இல்லாவிட்டால் குத்தி இறங்கும். அப்பா அம்மியின் ஓரத்தில் முரட்டு வேலையை முடித்து, ஆற்றுக் கூழாங்கல்லில் தண்ணீர் விட்டு மெல்ல ஓட்டுவார். கடைசியாகப் பலகையில் ஆணியடித்த தோல்வாரில் சலித்த உமிச் சாம்பல் தூவி, முதுகு முன்னே போக இழுப்பார். நெல் விளையும் ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை, அதன் சாம்பலில் இரும்பை மினுக்கும் சிலிக்கா நிறைய உண்டு. பனை சீவுகிற ஆட்களும் பாளைக் கத்தியைப் பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித்தான் தீட்டுவார்கள். யார் யாரிடம் கற்றார்களோ!

தீட்டிய கையோடு தோலைத் தொட விடமாட்டார். “முதல்ல தொடச்சிட்டு வா” என்பார். மரப்பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது இரும்புத்தூள் பட்டால் அந்த இடம் மை கொட்டியதுபோல் கறுத்துவிடும், பிறகு எதைப் போட்டும் போகாது. பட்டைச் சாற்றையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்புச் சாயம் காய்ச்சுவதும் இதே சங்கதியால்தான்.

1990 ஆனியில் மீண்டும் யுத்தம் தொடங்க, பற்றரி, எரிபொருள், சவர்க்காரம், சீமெந்து, இரும்பு என்று ஒவ்வொன்றாகத் தடைப்பட்டன. கவ்வாத்துக் கத்தி அதற்குள் விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. பழைய லொறியின் வில்லுத்தகட்டைக் கம்மாலைக்குக் கொண்டு போனோம். காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்ததும் அந்த இரும்பு கடினமாகும், ஆனால் உடையும். மறுபடி இளஞ்சூட்டில் வாட்டி, வைக்கோல் நிறம் வருகிற நேரத்தில் எடுக்க வேண்டும். நீலம் ஏறினால் கூர் நிற்காது. கராச்சுகளில் உடைந்த இரும்பறுக்கும் வாள் அலகு கிடைத்தால் அது இன்னும் நல்லது, ஆனால் கம்மாலை நெருப்புக்கு அது வளைந்து கொடுக்காது. தேய்த்துத்தான் வடிவெடுக்க வேண்டும். சைக்கிள் கம்பியில் குத்தூசி செய்தோம்.

அப்போது செய்த வேலையில் பாதி டயர்ச் செருப்பு. பாட்டா செருப்பு அறுந்தால் புதிதாக வாங்க முடியாது. டயரை உலர்ந்த கத்தியால் வெட்டப் போனால் றப்பர் அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் தொட்டுத் தொட்டு அறுக்க வேண்டும். சவர்க்காரத் தண்ணீர் என்றால் இன்னும் சுகம். ஆனால் உடம்புக்கே சவர்க்காரம் இல்லாத காலம் அது. இந்தத் தொழிலைச் சாதியைச் சொல்லிக் கூப்பிட்ட வாய்கள் சில, டயர்ச் செருப்புக்கு நின்ற நாட்களில் “அண்ணை” என்றன.

கூர் எதற்கு என்பதை எனக்கு உண்மையாகப் புரிய வைத்தவை செயற்கைக் கால்களின் பட்டிகள். யாழ்ப்பாணத்தில் 1987இல் ஜெய்ப்பூர் நிறுவனம் தொடங்கியது, கிளிநொச்சியில் வெண்புறா நிறுவனம் கால் செய்து கொடுத்தது. நடந்து நடந்து பட்டி அறுந்தால் ஆட்கள் எங்களிடமும் வந்தார்கள். இரண்டு தோலை மூட்டும் இடத்தில் ஓரத்தைச் சீவி மெலிதாக்காமல் தைத்தால் அங்கே ஒரு முண்டு நிற்கும். அது தொடையில் உரசும், மாலைக்குள் தோல் கிழிந்து புண்ணாகும். கடதாசி அளவுக்கு இறங்கிப் போகிற அந்தச் சரிவை மொட்டைக் கத்தியால் எடுக்க முடியாது. அது தோலைப் பிய்த்து இழுக்கும், வெட்டுவாய் பஞ்சு பஞ்சாகத் தெரியும். நல்ல கத்தி அறுத்த இடம் பளபளக்கும். கூர் பார்க்க நகத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் வெட்டின தோலைத்தான் பார்ப்பேன்.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் தெற்கில் இருந்து கத்தி, பசை, றெக்சீன், மலிவுச் செருப்பு எல்லாம் வந்தன. நான்கு வருடம். 2006 ஆவணியில் பாதை மூடியது. 2009இல் முள்ளிவாய்க்கால் வழியாக மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது என்னிடம் கத்தி இல்லை, சனத்தில் பலருக்குக் காலில் செருப்பும் இல்லை. முகாமில் கிடைத்த தகரத்துண்டை அறுத்து, சீமெந்துத் தரையில் தேய்த்துப் பார்த்தேன். வார் மாட்டுகிற துளையைப் பெருப்பிக்க மட்டும் உதவியது.

திரும்பி வந்த வன்னியில் இரும்புக்குக் குறைவில்லை. லொறி, சைக்கிள், உழவு இயந்திரம் எல்லாம் பழைய இரும்பாக நிறுத்து ஏற்றிப் போனார்கள். அந்தக் குவியலில் இருந்து எடுத்த வாள் அலகுதான் இப்போது என் கத்தி. கடைக்காரர்கள் உடைத்துப் போடுகிற கட்டர் அலகை நீட்டுகிறார்கள். றெக்சீனுக்கு அது போதும், எருமைத் தோலில் வைத்தால் வளையும்.

என்னோடு இருக்கிற பெடியன் கல்லைத் தொடுவதில்லை. கண்ணாடித் துண்டில் ஆயிரம் நம்பர் அரத்தாளை ஈரமாக ஒட்டி அதிலே தீட்டுகிறான். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கூழாங்கல் நடுவில் குழிந்துவிடும், கண்ணாடி குழியாது. தட்டைப் பக்கம் அவன் கத்தியில்தான் நேராக நிற்கிறது. நானும் இப்போது அதில்தான் தீட்டுகிறேன், வாரும் உமிச் சாம்பலும் மட்டும் பழையபடி.