ஃபால்கொனெட்டி: அந்த அழுத முகத்துக்குப் பின்னால்

ரெனே ஃபால்கொனெட்டின்னு இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரே முகம்தான் திரும்பத் திரும்ப வரும். ஒட்ட வெட்டிய தலைமுடி, கண்ணில் தேங்கி நிற்கும் நீர், மேலே எதையோ பார்க்கும் ஒரு பெண். 1928-இல் வந்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' என்ற மௌனப் படத்திலிருந்து எடுத்தது. கூடவே ஒரு கதையும் வரும். இவர் வாழ்நாளில் நடித்தது இந்த ஒரே படம்தானாம். இயக்குநர் அவரைக் கல் தரையில் மண்டியிட வைத்துக் கொடுமைப்படுத்தினாராம். அதோடு அவர் வாழ்க்கையே நொறுங்கிப் போச்சாம்.

கேட்க உருக்கமாத்தான் இருக்கு. ஆனால் அவருடைய வாழ்க்கையை வருஷ வாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்தக் கதை நிற்கவில்லை. அடுக்கிப் பார்ப்போம்.

படத்துக்கு முன்னால்

ஃபால்கொனெட்டி 1892-இல் பாரிஸை ஒட்டிய பான்தேனில் பிறந்தவர். அவருடைய தொழில் நாடகம். சினிமாவில் 1917-லேயே இரண்டு படங்களில் தலைகாட்டியிருக்கிறார். ஆக, "ஒரே படம்" என்பது முதலிலேயே அடிபட்டுப் போகிறது. 1924-இல் பிரான்ஸின் பழம்பெரும் நாடக நிறுவனமான கொமெடி ஃபிரான்ஸேஸில் சேர்ந்தார். ரொம்ப நாள் அங்கே இருக்கவில்லை. மூஸே எழுதிய 'லொரென்ஸாச்சியோ' நாடகத்தில் ஆண் பாத்திரமான லொரென்ஸாச்சியோவாகவே நடித்தார். அதற்கு முன் 1896-இல் அந்த வேஷத்தைக் கட்டியவர் சாரா பெர்னார்ட். சும்மா யாரும் தொடுகிற வேஷம் இல்லை அது.

அதே சமயம் பாரிஸ் மக்கள் காசு கொடுத்து, சிரித்துவிட்டுப் போகிற இலகுவான நகைச்சுவை நாடகங்களிலும் நடித்தார். டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரையர் அவரை முதலில் பார்த்தது அந்த மாதிரி ஒரு நாடகத்தில்தான். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உலகமே அழுகிற முகமாக நினைக்கிற இந்தப் பெண், அன்றைக்கு சிரிக்க வைக்கிற நடிகையாக மேடையில் நின்றுகொண்டிருந்தார்.

படம் எடுத்த விதம்

டிரையரின் முந்தைய படம் பிரான்ஸில் நன்றாக ஓடியதால், அங்கிருந்த ஒரு பட நிறுவனம் அவரை அழைத்தது. பிரெஞ்சு வரலாற்றில் மூன்று பெண்களைப் பேசி, கடைசியில் ஜோன் முடிவானது. 1431-இல் ரூவான் நகரில் உயிரோடு எரிக்கப்பட்ட, சுமார் 19 வயசுப் பெண். 1920-இல்தான் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்திருந்தது. எனவே பிரான்ஸில் இது சூடான விஷயம். ஒரு வெளிநாட்டுக்காரர் எங்கள் ஜோனைப் படமெடுப்பதா என்ற முணுமுணுப்பும் இருந்தது. ஜோனாக நடிக்க ஃபால்கொனெட்டி தேர்வானபோது அவருக்கு வயசு 34.

திரைக்கதைக்கு ஆதாரம் ஜோனின் விசாரணைப் பதிவேடு. பல மாதம் நடந்த விசாரணையை டிரையர் ஒரே நாளில் நடப்பது போலச் சுருக்கினார். காட்சிகளைக் கதை போகிற வரிசையிலேயே எடுத்தார். வழக்கமாக யாரும் அப்படிச் செய்வதில்லை, செலவு கூடும். ஆனால் நடிகைக்கு இது பெரிய உதவி. ஜோன் சோர்ந்து போகும்போது ஃபால்கொனெட்டியும் மாசக்கணக்கான வேலையில் சோர்ந்திருப்பார். முடியை வெட்டும் காட்சியில் நிஜமாகவே அவர் முடியை வெட்டினார்கள்.

இன்னொரு விஷயம் ஒப்பனை. யாருக்குமே ஒப்பனை கிடையாது. அதுவரை புழக்கத்தில் இருந்த ஃபிலிம் சிவப்பு நிறத்தைச் சரியாகப் பதியாது. உதடு கறுப்பாகத் தெரியும், தோல் திட்டுத்திட்டாகத் தெரியும். அதை மறைக்கத்தான் மௌனப் பட நடிகர்கள் முகத்தில் அவ்வளவு மாவு பூசினார்கள். பான்குரோமாட்டிக் என்ற புது வகை ஃபிலிம் எல்லா நிறத்தையும் பதியக்கூடியது. ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாத்தே அதைப் பயன்படுத்தியதால் தோலின் சுருக்கம், மரு, வெடித்த உதடு எல்லாம் அப்படியே பதிவாயின. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசி, கையை வீசி நடிக்கிற மேடைக்காரருக்கு, இமை அசைவது கூடத் தெரிகிற நெருக்கத்தில் நடிப்பது வேறு தொழில் மாதிரி. அதை அவர் கற்றுக்கொண்டார். டிரையர் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுப்பார். பிறகு எடுத்ததை இருவரும் போட்டுப் பார்ப்பார்கள். எந்தத் துண்டில் சரியாக வந்தது என்று பேசிவிட்டு, அங்கிருந்து மறுபடி தொடங்குவார்கள்.

டிரையர் கடுமையானவர்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் "கொடுமைப்படுத்தினார், அதனால் அழுகை வந்தது" என்று முடித்துவிட்டால் நடிப்பு எங்கே போச்சு? இருபது வயசுகூட ஆகாத கிராமத்துப் பெண்ணாக 35-ஐத் தொட்ட பாரிஸ் நடிகை ஒருவர் நம்மை நம்ப வைக்கிறார். அது வலியால் மட்டும் வந்துவிடாது.

படம் எரிந்தது, இரண்டு முறை

1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதல் திரையிடல். பாரிஸில் வெளியாகும் முன்பே பாரிஸ் பேராயரும் அரசுத் தணிக்கையும் வெட்டு வாங்கினார்கள். ஆங்கிலேயச் சிப்பாய்களை மோசமாகக் காட்டியதாகச் சொல்லி பிரிட்டன் தடை செய்தது. அதே வருஷம் டிசம்பரில் பெர்லினில் நடந்த தீ விபத்தில் மூல நெகட்டிவ் எரிந்து போனது.

அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. தீப்பிடித்தால் தானே ஆக்சிஜனை உண்டாக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளும் எரியும். டிரையர் சும்மா இருக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்து ஒதுக்கி வைத்திருந்த துண்டுகளைக் கொண்டே இரண்டாவது பதிப்பு ஒன்றைத் தொகுத்தார். 1929-இல் அதுவும் எரிந்தது. 1968-இல் டிரையர் இறக்கும்போது, தன்னுடைய முதல் பதிப்பு உலகத்திலேயே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டு போனார்.

1981-இல் நார்வேயில் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் உள்ள டிகெமார்க் மனநல மருத்துவமனையில் ஓர் அலமாரியைச் சுத்தம் செய்தபோது சில ஃபிலிம் டப்பாக்கள் கிடைத்தன. நார்வே திரைப்படக் கழகத்துக்கு அனுப்பினார்கள். திறந்து பார்த்தால், தணிக்கை வெட்டுக்கு முந்தைய 1928-இன் முதல் பதிப்பு! இன்று நாம் பார்ப்பது அதிலிருந்து வந்ததுதான். 2012-இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் வாக்கெடுத்தபோது, உலகின் சிறந்த படங்கள் வரிசையில் இதற்கு ஒன்பதாவது இடம்.

படத்துக்குப் பின்னால்

சரி, ஃபால்கொனெட்டி என்ன ஆனார்? நொறுங்கிப் போகவில்லை. நாடகத்துக்குத் திரும்பிப் போனார், அவ்வளவுதான். பாரிஸில் ஒரு நாடக அரங்கைத் தானே எடுத்து நடத்தி நஷ்டப்பட்டார். 1935-இல் லூயி ழூவே இயக்கிய ழிரோதுவின் 'ட்ராய் போர் நடக்காது' நாடகத்தில் ஆந்த்ரமாக்காக நடித்தார். அந்தக் காலத்து பிரெஞ்சு மேடையின் முக்கியமான நாடகம் அது. அதாவது, "நடிப்பையே விட்டார்" என்று சொல்லப்படுகிற ஆண்டுக்கு ஏழு வருஷம் கழித்து! இரண்டாம் உலகப் போர் வந்ததும் பிரான்ஸை விட்டு சுவிட்சர்லாந்து, பிறகு தென் அமெரிக்கா. 1946 டிசம்பரில் புவெனஸ் அயர்ஸில் இறந்தார்.

எனக்கு இதில் உறைத்தது இதுதான். நாடகம் திரை விழுந்ததும் முடிந்துவிடும் கலை. அவருடைய லொரென்ஸாச்சியோவோ, ஆந்த்ரமாக்கோ, பாரிஸைச் சிரிக்க வைத்த வேஷங்களோ, எதையும் இன்று நம்மால் போட்டுப் பார்க்க முடியாது. மிஞ்சியிருப்பது 1927-இன் சில மாத உழைப்பு. அதுவும் ஒரு அலமாரியின் தயவில். மிஞ்சியதை வைத்தே முழு ஆளையும் நாம் முடிவு செய்துவிட்டோம். மற்ற வருஷங்களுக்கு ஆதாரம் கண்ணில் படாததால், அந்த இடத்தில் "நொறுங்கிப் போனார்" என்று ஒரு கதையை நிரப்பிக்கொண்டோம்.

ஜோனுக்கும் இதேதான் நடந்தது. அவருடைய சொந்தக் குரலை நாம் இவ்வளவு விரிவாகக் கேட்பது, அவரைக் கொல்ல உட்கார்ந்த நீதிமன்றத்தின் எழுத்தர்கள் எழுதி வைத்ததால்தான். நடந்தது நடக்காதது என்று நாம் பேசும் வரலாறு பல நேரம், எந்தக் காகிதம் தப்பியது, எந்த டப்பா தப்பியது என்பதுதான்.

படத்தை இதுவரை பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. பார்க்கும்போது அந்தக் கண்ணீருக்காக ஃபால்கொனெட்டியைப் பரிதாபப்பட வேண்டாம். வேலை தெரிந்த ஒரு நாடகக்காரி, தனக்குப் பழக்கமில்லாத ஒரு கருவிக்கு முன்னால் வேலை செய்வதாகப் பாருங்கள். எனக்கு அப்படிப் பார்த்தபோதுதான் படம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.